பிரஷ் எண்ண வந்தவர்

மார்ஸ்டாம்,
10 மார்ச் 2019, ஞாயிறு

அன்புள்ள அலைடா அக்காவுக்கு,

நீ அனுப்பிய கடுகு விழுது பாட்டில் உடையாமல் வந்து சேர்ந்தது. அத்தானின் முழங்கால் தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். டாக்டர் நடக்கச் சொன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்புகிற மனிதரை என்ன செய்வது, கட்டியா போட முடியும்.

போனில் பேசலாமே என்று மறுபடியும் கேட்டிருக்கிறாய். வேண்டாம் அக்கா. போனில் நாம் பேசினால் பத்தாவது நிமிடம் சண்டை. காகிதத்தில் நீ திட்டினால் அது என் கையில் கிடைக்க இரண்டு நாள் ஆகிறது, அதற்குள் உன் கோபமும் ஆறிவிடுகிறது. முப்பத்தெட்டு வருஷம் இப்படியே ஓட்டிவிட்டோம், மிச்சத்தையும் ஓட்டுவோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் அதிகமாகக் குளிக்கிறேன் என்று இந்த ஊர் நகராட்சி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறது. சிரிக்காதே. கப்பல் கம்பெனியின் சலவைக்கூடம் மூடியதிலிருந்து நான் நகராட்சியின் உதவித்தொகையில் இருப்பது உனக்குத் தெரியும். அது தனியாக வாழ்கிறவர்களுக்கான தொகை. இப்போது அவர்கள் ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். என் வீட்டில் எவ்வளவு தண்ணீர் ஓடியது, எவ்வளவு மின்சாரம் எரிந்தது, தெருமுனைக் குப்பைத்தொட்டியை என் அட்டை எத்தனை முறை திறந்தது, எல்லாம் அதற்குள் போகிறது. ஒற்றை ஆள் இவ்வளவு தண்ணீர் செலவழிக்க மாட்டாள், வாரத்தில் ஐந்து தடவை குப்பை போட மாட்டாள், ஆகவே உள்ளே ஓர் ஆண்பிள்ளை இருக்கிறான் என்று அது கண்டுபிடித்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலையில் ஹாக்மா என்ற அதிகாரி வந்தார். மரியாதையான ஆள். காபி கொடுத்தேன், நம் வழக்கப்படி ஒரே ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினேன். பிறகு குளியலறைக்குப் போய் என் பல் பிரஷ்களை எண்ணினார். இரண்டு. ஆண்கள் சவரம் செய்யும் ரேசர் ஒன்று, சோப்பு ஒன்று. படுக்கையறையில் மெத்தையின் இரண்டு பக்கத்தையும் கையால் அழுத்தி, எந்தப் பக்கம் பள்ளமாக இருக்கிறது என்று பார்த்தார். ஐம்பத்தாறு வயதில் என் மெத்தையை ஒருவர் இவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்ப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

அப்புறம் கழிவறைக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னார். நம் எல்லோர் வீட்டிலும் போலவே அங்கேதானே பிறந்தநாள் காலண்டர் தொங்குகிறது. திரும்பி வந்ததும், ஒன்பதாம் தேதி பாஸ்தியான் என்று எழுதியிருக்கிறதே, அது யார் என்று கேட்டார்.

“நீங்க போன வேலையப் பாத்தீங்களா, காலண்டரப் படிச்சீங்களா?” என்றேன்.

காது சிவந்துவிட்டது மனிதருக்கு. ஆனாலும் குறித்துக்கொண்டார். பாஸ்தியான் மாடி வீட்டுக்காரர் என்று சொன்னேன். அவருடைய பிரஷ் உங்கள் வீட்டில் எதற்கு என்றார். அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம் என்று சொல்லி, அவருடைய கோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். மழை விடவே இல்லை.

உன் தங்கை,
ரூலினா


ஹோல்டிங்கன்,
17 மார்ச்

என் அன்பு ரூல்,

உன் கடிதத்தை அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். மெத்தை விஷயத்தில் அவர் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் முப்பத்தோரு வருஷமாக இந்த ஊர் நகராட்சிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பாஸ்போர்ட், பிறப்பு, இறப்பு, முகவரி மாற்றம், எல்லாம் என் கை வழியாகத்தான் போகிறது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் அரக்கர்கள் இல்லை ரூல். போன வருஷம் ஒரு ஆள் மூன்று ஊரில் மூன்று முகவரி காட்டி மூன்று இடத்திலும் உதவித்தொகை வாங்கிக்கொண்டிருந்தான். அவனைப் பிடித்தது இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்தான். நீ வேலை பார்த்தபோது கட்டிய வரியும் அந்தப் பணத்தில் இருக்கிறதுதானே.

ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம். நம் வீட்டில் திரை போட்டதே கிடையாது. தெருவில் போகிறவர்கள் நாம் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு போவார்கள், அப்பா உள்ளிருந்து கையாட்டுவார். அப்படி வளர்ந்தவள் நீ. அந்த மனிதர் யார், பிரஷ் ஏன் என்று ஒரு வாக்கியம் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிகிற காரியம் இது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. உனக்கும் பாஸ்தியானுக்கும் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். பதினோரு வருஷமாகத் தனியாக இருக்கிறாய். அப்படி என்றால் அதைப் பதிவு செய்துவிடு, தொகை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா அலைடா


மார்ஸ்டாம்,
31 மார்ச், ஞாயிறு

அக்கா,

உனக்கு மட்டும் சொல்கிறேன். அத்தானுக்கும் படித்துக் காட்டாதே.

பாஸ்தியானுக்கு எழுபத்தொரு வயது. நாற்பது வருஷம் இழுவைப் படகில் இருந்தவர். இரண்டு வருஷமாக அவருக்குக் கை நடுங்குகிறது. முதலில் கரண்டி, பிறகு சட்டைப் பொத்தான், இப்போது ரேசர். ஒருநாள் படிக்கட்டில் பார்த்தேன், முகமெல்லாம் பஞ்சு ஒட்டிக்கொண்டு ரத்தமாக நின்றார். கடலில் இருந்த காலத்தில்கூட ஒருநாள் சவரம் செய்யாமல் இருந்ததில்லையாம். நான் செய்து விடுகிறேன் என்றேன். ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் கீழே வந்தார்.

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்கு வருகிறார். பின்பக்கச் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, பல் துலக்கி விடுகிறேன், முகத்தில் நுரை பூசிச் சவரம் செய்கிறேன். கன்னத்தைத் தொடும்போது சில நாள் அவர் கண்ணில் நீர் வரும். நான் பார்க்காததுபோல் ரேசரைக் கழுவிக்கொண்டிருப்பேன். அவருடைய துணிகளையும் நானே துவைக்கிறேன், குப்பையையும் நானே கொண்டுபோகிறேன். கம்ப்யூட்டர் கண்டுபிடித்த ஆண்பிள்ளை இவர்தான்.

முதல் நாளே அவர் சொன்னது ஒன்றுதான்.

“யாருக்கும் தெரியக் கூடாது ரூலினா. என் பையனுக்குத் தெரிஞ்சா அடுத்த வாரமே முதியோர் இல்லத்துல கொண்டுபோய்ப் போட்டுருவான். பாவம்னு என்னைய ஒருத்தரும் பாக்க வேணாம்.”

சரி என்றேன். கையடித்துச் சத்தியம் எல்லாம் செய்யவில்லை, வெறும் சரிதான். அது போதாதா?

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை, எங்களுக்குள் நீ நினைப்பது இல்லை. இருந்திருந்தாலும் ஹாக்மாவிடம் சொல்லியிருக்க மாட்டேன். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கு என்ன பயம் என்கிறாய். எனக்கு ஒளிக்க நிறைய இருக்கிறது அக்கா. தப்பாக ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இரண்டும் ஒன்று என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நாம் சாப்பிடுவதைத் தெரு பார்த்தது உண்மை. அம்மாவுக்கு மார்பில் கட்டி என்பதைத் தெரு பார்த்ததா? அவள் பெற்ற நமக்கே கடைசி மாதத்தில்தானே தெரிந்தது.

போன வாரம் எதிரே ஒரு சாம்பல் நிறக் கார் நின்றது, உள்ளே இரண்டு பேர், மடியில் பிளாஸ்க். மூன்று நாள் பார்த்தேன். நாலாம் நாள் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“உள்ள வந்து எண்ணியாச்சு. இப்ப வெளிய இருந்தும் எண்ணணுமா?”

ஒருவர் ஏதோ மீன் பிடிக்கிற கதை சொன்னார். நல்லது, மீன் கிடைத்தால் எனக்கும் ஒன்று கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்து, கப்பல் கம்பெனியின் பழைய படுக்கை விரிப்புகளைத் தைத்து முன் ஜன்னலில் மாட்டினேன். இந்தத் தெருவிலேயே முதல் திரை. பட்டப்பகலில் திரை மூடியிருந்தால் வீட்டில் சாவு என்று அர்த்தம், உனக்குத் தெரியாதா, ஒரு மணி நேரத்தில் எதிர்வீட்டுக்காரி நெல் கையில் கேக்கோடு வந்துவிட்டாள். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, “யாரு போயிட்டாங்க?” என்று கேட்டாள். யாரும் போகவில்லை, கார்தான் போக மாட்டேன் என்கிறது என்றேன். கேக்கை இருவரும் சாப்பிட்டோம்.

ரூலினா


ஹோல்டிங்கன்,
9 ஏப்ரல்

ரூல்,

நகராட்சி உன் தொகையை நிறுத்திவிட்டது என்று உன் எதிர்வீட்டு நெல் எழுதித் தெரிந்துகொள்ள வேண்டியதாகிவிட்டது. நீயே எழுதியிருக்கக் கூடாதா? இரண்டாவது தடவை வந்த அதிகாரியை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாயாமே. நியாயமான சந்தேகம் என்று அவர்கள் எழுதிவிட்டால் கதவைத் திறக்காதவர்களுக்குப் பணம் கிடையாது. சட்டம் அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

பாஸ்தியான் நல்லவர் என்று நம்புகிறேன். நடந்ததைச் சொன்னால் அவர் புரிந்துகொள்ள மாட்டாரா? கை நடுங்குவது வெட்கப்படுகிற விஷயமா என்ன. அவர் ஒருவருடைய வெட்கத்துக்காக நீ வீட்டை இழப்பாயா? வாடகை இரண்டு மாதம் நின்றால் வீட்டை வாடகைக்கு விட்ட சங்கம் என்ன செய்யும் என்று உனக்கே தெரியும். ராத்திரி எழுந்து உட்கார்ந்து இதையேதான் நினைக்கிறேன். மாடி அறையில் உனக்குப் படுக்கை போட்டு வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு வழி இருக்கிறது, அது உன் வாயில் இருக்கிறது. தயவுசெய்து சொல்லிவிடு.

அலைடா


மார்ஸ்டாம்,
14 ஏப்ரல், ஞாயிறு

அன்புள்ள அக்கா,

படுக்கைக்கு நன்றி. அப்பா வீட்டின் அந்த மாடி அறைக் குளிரில் நான் தூங்கியதே இல்லை, சின்ன வயதிலிருந்தே உனக்குத் தெரியுமே.

ஆட்சேப மனு கொடுத்துவிட்டேன். மே இருபத்தொன்றாம் தேதி நகராட்சிக் குழுவுக்கு முன்னால் விசாரணை. வக்கீல் இல்லை, நானே பேசுவேன். என்ன பேசப்போகிறேன் என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் தனியாக வாழ்கிறேன். என் படுக்கையில் வேறு யாரும் இல்லை, என் மேஜையில் வேறு யாருடைய சம்பளமும் இல்லை. இதைத் தவிர உங்களுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. உதவி வாங்குகிறவள் என்பதால் என் வீட்டுச் சுவர் மற்றவர்கள் வீட்டுச் சுவரைவிட மெல்லியது இல்லை. நீங்கள் திருடனைப் பிடியுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. திருடன் என்று தெரிந்த பிறகு பிடியுங்கள். ஊரில் எல்லோருடைய குளியலறைக்குள்ளும் போய், யார் திருடன் என்று தேடாதீர்கள். இவ்வளவுதான் பேச்சு.

தோற்றால் தோற்கிறேன். மீன் ஏலக்கூடத்தில் காலை நாலு மணிக்குத் தரை கழுவ ஆள் தேடுகிறார்கள், முதுகு தாங்குமா என்று பார்க்கலாம்.

நீ பயப்படுவது எனக்குத் தெரியும் அக்கா. எனக்கும் பயம் இருக்கிறது. ஆனால் இது என் கதவு. நான் திறந்தால் திறந்தது, மூடினால் மூடியது. நீ இதில் ஒன்றும் செய்ய வேண்டாம், எனக்காகக் கோபப்பட்டுக்கொண்டு இரு, அது போதும்.

ரூலினா


மார்ஸ்டாம்,
2 ஜூன், ஞாயிறு

அலைடாவுக்கு,

விசாரணை முடிந்த பிறகு போன ஞாயிறு எழுதவில்லை. இன்றும் எழுத மனமில்லை. நடந்ததை நீ என் வாயிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

நகர மன்றக் கட்டிடத்தில் இரண்டாம் மாடி அறை. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவி கண்ணாடி போட்ட பெண், கனிவான குரல். நான் எழுதி வைத்ததை எடுக்குமுன் அவளே பேச ஆரம்பித்தாள்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் மேடம். எங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க அக்கா அனுப்பியிருக்காங்க.”

பிறகு என் கடிதத்தின் நகலை எடுத்துப் படித்தாள். முகத்தில் நுரை பூசுவது. கன்னத்தைத் தொடும்போது கண்ணில் நீர் வருவது. நான் பார்க்காததுபோல் ரேசர் கழுவுவது. சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, அனுதாபத்தோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். ஓரத்தில் ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஹாக்மா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு அந்த அளவு வெட்கம் இருந்தது.

எழுந்து நின்றேன். அந்தக் கடிதத்தை நான் உங்களுக்கு எழுதவில்லை, அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு முடிவு சொல்லுங்கள் என்றேன். அது இல்லாவிட்டால் உங்களுக்குச் சாதகமாக எங்களிடம் ஒன்றுமே இல்லையே என்றாள் தலைவி.

“அப்ப எனக்குப் பாதகமாவே முடிவு பண்ணுங்க,” என்றேன்.

படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாதாம். சரிபார்க்க வேண்டியது மட்டும் பாக்கியாம். மறுநாள் ஹாக்மா மாடிக்குப் போய்ப் பாஸ்தியானைக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறார். அவரும் நீட்டியிருக்கிறார், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற மாதிரி. அடுத்த வாரம் நகராட்சியின் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள்தான் அவருடைய மகனுக்குப் போன் செய்தது. மகன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, அடுப்பைப் பார்த்து, முதியோர் இல்லத்தில் இடம் கேட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போனான்.

நான் ஜெயித்துவிட்டேன். தொகை திரும்ப வந்துவிட்டது, நிறுத்தி வைத்ததும் சேர்த்து. அந்த முடிவை எதிர்த்து நானே மறுபடி மனு கொடுத்திருக்கிறேன். கவுண்டரில் இருந்த பையன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மேடம், நீங்க ஜெயிச்சிருக்கீங்க,” என்றான்.

தெரியும் தம்பி, கோப்பிலிருந்து என் கடிதத்தை எடுக்கிற வரைக்கும் விட மாட்டேன், முத்திரை போடு என்றேன். இந்த நாட்டில் ஒருவர் எழுதிய கடிதத்தை அரசாங்கம் பிரிக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. அரசாங்கம் பிரிக்கவில்லை. நீ பிரித்துக் கொடுத்தாய். அதற்கு எந்தச் சட்டத்தில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பாஸ்தியான் இப்போது காலையில் வருவதில்லை. படிக்கட்டில் ஒருநாள் எதிரே வந்தார். தாடி விட்டிருக்கிறார், வெள்ளைத் தாடி. அவர் முகத்துக்கு அது பொருந்தவே இல்லை. யாரிடமும் சொல்லாதே என்று சொன்னேனே என்று அவர் கேட்கவில்லை. நல்லா இருக்கியா என்று மட்டும் கேட்டுவிட்டு, கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டார்.

ரூலினா


ஹோல்டிங்கன்,
9 ஜூன்

என் தங்கை ரூலுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாஸ்தியானிடம் கேட்கிறேன், முழு மனதோடு கேட்கிறேன், அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவருடைய கதவைத் தட்டுவார்கள் என்று சத்தியமாக நான் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தும் எனக்கு அது தோன்றவில்லை. ஒரு தாள் உள்ளே போனால் அது எங்கெங்கே போகும் என்று கவுண்டரிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை.

ஆனால் உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உன் வீடு போயிருக்கும் ரூல். மீன் ஏலக்கூடத்தில் நாலு மணிக்குத் தரை கழுவுவதாக நீ எழுதிய வரியைப் படித்த அன்றுதான் நகல் எடுத்தேன். கை கூசியது, இருந்தும் எடுத்தேன். உன் முதுகை எனக்குத் தெரியும். நீ மூச்சுத் திணறித் தண்ணீரில் கிடந்தால், தொடாதே என்று நீ சொன்னாலும் தலைமுடியைப் பிடித்து இழுத்துத்தான் போடுவேன். அப்படித்தான் அம்மா என்னைப் பெற்றிருக்கிறாள். மறுபடி இதே நிலை வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, செய்ய மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நீ நலமா அக்கா, சௌக்கியமா அக்கா என்று கேட்காவிட்டால் போகிறது. அலைடாவுக்கு என்று வெறுமனே எழுதியிருந்தாய். அதைத்தான் தாங்க முடியவில்லை. என்னைத் திட்டி நீளமாக ஒரு கடிதம் எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. யாருக்கும் காட்ட மாட்டேன்.

உன் அக்கா


மார்ஸ்டாம்,
23 ஜூன்

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீளமாக எழுதச் சொல்லியிருந்தாய். இனிமேல் உனக்கு இந்த மாதிரிப் படம் போட்ட அஞ்சல் அட்டைதான், உறை கிடையாது. தபால்காரர் படிக்கலாம், அத்தான் படிக்கலாம், நகராட்சியும் படிக்கலாம். அவர்கள் எல்லோரும் படிக்கக்கூடியதை மட்டும் உனக்கு எழுதுகிறேன்.

நான் நலம். இங்கே நல்ல வெயில்.

ரூலினா